பேச்சு திக்கினால் பிள்ளையைத் தூக்கக் கூடாதா?

பேச்சு திக்குகிறது என்பதற்காக மட்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண்ணை வேலைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது அநியாயம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. திருப்பி அனுப்புகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் படித்தவர்கள், வேலை செய்ய வருபவர்களிடம் குரலை உயர்த்தாதவர்கள். “பாவம், நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ஆனா குழந்தைக்கும் ஒட்டிக்கிட்டா?” என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு, ஏஜென்சிக்குப் போன் போட்டு வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியில் பிள்ளைப்பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்கான விலையை ஒரு மாதச் சம்பளத்தை நம்பி வாசல் வரை வந்தவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டிக்கொள்ளாது. திக்குவாய் சளியோ அம்மையோ அல்ல. கூட இருந்து, கேட்டுக் கேட்டு வருவதும் அல்ல. அது பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது, பேச்சை இயக்கும் மூளைப் பாதைகளோடு தொடர்புடையது. 2010-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டென்னிஸ் டிரேனாவின் குழு, பலர் திக்கும் ஒரு பெரிய பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராயத் தொடங்கி, திக்குவாயோடு தொடர்புள்ள மாற்றங்களை மூன்று மரபணுக்களில் கண்டது. திக்குபவர்களில் ஒரு சிறு பங்கினருக்கே அவை பொருந்தும். ஆனாலும் திக்குவாயின் வேர் உடம்பில் இருக்கிறது என்பதற்கு அது உறுதியான சான்று. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் திக்குகிறார். ஒட்டிக்கொள்ளும் குறையாக இருந்தால் திக்கும் ஆசிரியரின் வகுப்பு முழுக்கத் திக்க வேண்டும், திக்கும் அப்பாவின் பிள்ளைகள் ஒருவர் விடாமல் திக்க வேண்டும். அப்படி எங்கும் நடப்பதில்லை. ஒரு குழந்தை நாலு நாள் விளையாட்டாக ஆயாவைப் போலப் பேசிப் பார்க்கலாம். கீரைக்காரம்மாவின் கூவலையும் தாத்தாவின் இருமலையும் செய்து காட்டுகிற அதே விளையாட்டு அது. அலுத்ததும் விட்டுவிடும்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொஞ்சம் காலக்கணக்குப் பார்க்க வேண்டும். 2017-இல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, முதல் இரண்டு பிரசவங்களுக்குத் தாய்க்குக் கிடைப்பது 26 வார விடுப்பு. அது முடியும்போதுதான் பல வீடுகளில் ஆயா தேடுகிறார்கள். வந்தவர் நிலைத்துவிட்டால் பிள்ளைக்கு இரண்டு வயது, மூன்று வயது ஆகும்வரை இருப்பார். குழந்தைகளுக்குத் திக்கல் தொடங்குவதும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான். சொல்ல நினைப்பது மலையாகக் குவிந்து, நாக்கு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறுகிற வயது. நூறு குழந்தைகளில் ஐந்து பேராவது அந்த வயதில் சில காலம் திக்குகிறார்கள். அவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் தானாகவோ சிறிது உதவியோடோ அதைக் கடந்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஆயா மணிமணியாகப் பேசினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் அவர் திக்குபவராக இருந்துவிட்டால் பழி அவர் தலையில் விழும். தேதிகள் ஒத்துப்போகும், சாட்சி சொல்ல அக்கம்பக்கம் இருக்கும், அவருக்காகப் பேச ஆள் இருக்காது. பெற்றவள் திக்கினால் யாரும் பெற்றவளை மாற்றச் சொல்வதில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்குப் பேச்சின் மேல் தனிப் பக்தி உண்டு. பேச்சு நன்றாக வரட்டும் என்று வசம்பைச் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திருப்பாவை ஒப்புவித்தல், திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி என்று எந்த மேடையிலும் நாக்குப் பிசகாத பிள்ளைக்குத்தான் கோப்பை. அதில் தவறில்லை. ஆனால் பிசகுகிற நாக்கைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கமும் இதே மண்ணில்தான் வளர்ந்தது. நம் சினிமாவில் திக்குபவர் வந்தாலே சிரிப்பதற்கான இடம் என்று எழுதிவைத்தார்கள், நாமும் பல ஆண்டுகளாகச் சிரித்தோம். மழலை திக்கினால் தூக்கிக் கொஞ்சுகிறோம். வேலை கேட்டு வந்த பெண் திக்கினால் தகுதியில்லை என்கிறோம்.

ஒரு குழந்தையின் பேச்சை உண்மையில் எது கெடுக்கும் என்று அறிய ஒரு துயரமான சான்று இருக்கிறது. 1939-இன் முதல் பாதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலம், டாவன்போர்ட் நகரத்து அநாதை இல்லத்தில் 22 குழந்தைகள் மேல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நடத்தியவர் மேரி டியூடர் என்ற மாணவி. வழிகாட்டியவர் பேச்சுத்துறைப் பேராசிரியர் வெண்டல் ஜான்சன். அவரும் திக்குபவர். திக்குவாய் குழந்தையின் வாயில் தொடங்குவதில்லை, பெற்றோரின் காதில் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்க, இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், உனக்குத் திக்க ஆரம்பித்துவிட்டது, சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குழந்தைகள் ஒடுங்கிப்போனார்கள், வாயைத் திறக்கவே தயங்கினார்கள். பின்னாளில் அந்தக் குறிப்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்தக் குழந்தைகளுக்குத் திக்குவாய் வந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். வந்தது வெட்கமும் பயமும். 2001-இல் ஒரு பத்திரிகை விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது, ஆராய்ச்சியை நடத்திய பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஆராய்ச்சிக்கு உள்ளான சிலர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் 9,25,000 டாலர் தர அயோவா மாநிலம் 2007-இல் ஒப்புக்கொண்டது. அவர்களில் சிலர் அப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பிள்ளைகளின் வாயை அடைத்தது, தடுமாற்றத்தைக் குற்றமாகப் பார்த்த பெரியவர்களின் பேச்சு. இதை நம் வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயாம்மா திக்கியதால் அனுப்பப்பட்டார் என்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியும். நூற்றில் திக்கும் அந்த ஐந்து பேரில் ஒன்றாக அந்தப் பிள்ளை இருந்து, அடுத்த மாதம் அதற்கே நாக்கு நின்றால், இந்த வீட்டில் திக்குபவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை அது ஏற்கெனவே கண்டுவிட்டது.

இனி அதே 1939-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு, நம் அடையாறுக்கே வருவோம். அந்த நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி சென்னை வந்தார். வயது 69. உடன் மகன் மாரியோ. அடையாறு ஆல்காட் தோட்டத்தில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த ஏறக்குறைய 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவரை உலகப் போர் 1946 வரை இந்தியாவில் நிறுத்திவைத்தது. அதற்குள் அவரிடம் பயின்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு தொங்கும் மாண்டிசோரி பலகைகளுக்கு மூலம் அதுதான். அவர் எந்த மொழியில் வகுப்பெடுத்தார்? இத்தாலிய மொழியில். மாரியோ ஒவ்வொரு பகுதியாக ஆங்கிலத்தில் சொல்ல, கேட்டிருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பேச்சு நின்று நின்று, இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்தது. யாரும் அவரைத் தகுதியில்லாதவர் என்று திருப்பி அனுப்பவில்லை. காத்திருந்து கேட்டார்கள்.

அந்த வகுப்புகளில் அவர் கற்பித்த முறையும் கவனிக்கத் தக்கது. குழந்தைக்கு ஒன்றைக் காட்டும்போது பெரியவர் சொற்களைக் குறைக்க வேண்டும், கையால் மெதுவாகச் செய்துகாட்ட வேண்டும், குழந்தை தானே செய்து பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். பட்டனைப் போடுவதையும் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதையும் பிள்ளை கண்ணால்தான் பிடித்துக்கொள்கிறது. மாண்டிசோரி பள்ளியில் இடம் வாங்க இரவெல்லாம் கவலைப்படும் பெற்றோர், அந்த முறையின் உயிர்நாடியான பொறுமை கைகளில் இருக்கும் ஒரு பெண்ணை, வாய் தடுமாறுகிறது என்று விடுவது வேதனை தருகிறது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, திக்குபவர் பேசாமல் வேலை பார்த்தால் போதும் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. ஏனென்றால் அந்த அநியாயம் வேறு உருவில் ஏற்கெனவே நடக்கிறது. மனிதாபிமானத்தோடு வேலைக்கு வைத்துக்கொண்ட சில வீடுகளில், “குழந்தை முன்னாடி ரொம்பப் பேசாதீங்க அக்கா” என்று மெல்லச் சொல்லிவிடுகிறார்கள். வெளியே நிறுத்துவதை விடவும் இது கொடுமையானது என்பது எங்கள் தீர்ப்பு. நாள் முழுக்க ஒரு பிள்ளையோடு இருந்துகொண்டு வாயை மூடியிருக்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்கும் தண்டனை, பிள்ளைக்கும் தண்டனை. குழந்தை பேசக் கற்பது தன்னோடு பேசுபவர்களிடமிருந்து. அது ஒரு சத்தம் எழுப்ப, எதிரில் இருப்பவர் முகம் பார்த்துப் பதில் சொல்ல, அது மறுபடி எழுப்ப, அப்படித்தான் மொழி வளர்கிறது. காக்கா வந்ததையும் மழை பெய்வதையும் பருப்புசாதம் சூடாக இருப்பதையும் திக்கித் திக்கிச் சொன்னாலும் அது பேச்சுதான். காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சரளமான ஆயாவை விட, திக்கிக்கொண்டே கதை சொல்லும் ஆயா ஆயிரம் மடங்கு மேல்.

பெற்றோரின் அச்சங்களில் ஒன்று மட்டும் நேர்மையானது, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்தில் போன் பேச முடியுமா என்பது அது. திக்கும் பலருக்கு நேரில் பேசுவதை விடப் போனில் பேசுவது கடினம், உண்மைதான். ஆனால் அவசரம் என்றால் என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எட்டு மாதக் குழந்தையின் தொண்டையில் கடலை சிக்கினால், முதலில் வேண்டியது கை. முன்னங்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டத் தெரிய வேண்டும். இது தெரியாத ஆயா எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் பயன் இல்லை. அடுத்தது தகவல். அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் வந்தால் உடனே திருப்பி அழைப்பது, இரண்டு முறை வந்தால் கிளம்பி வந்துவிடுவது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வீட்டு முகவரியோடு ஒரு செய்தியை முன்பே எழுதி வைக்கலாம். எதிர்வீட்டு மாமியின் கதவைத் தட்டலாம், அபார்ட்மெண்ட் செக்யூரிட்டியை 108-க்குக் கூப்பிடச் சொல்லலாம். 112 செயலியில் அவசரப் பொத்தான் உண்டு. இந்த ஏற்பாடுகள் எல்லா ஆயாக்களுக்கும் தேவையானவை, பதறும்போது வாயடைத்துப்போவது எல்லாருக்கும் நடப்பதுதான். திக்கும் ஒருவர் வந்த பிறகாவது அதை வீடு செய்துகொண்டால் பிள்ளைக்குத்தான் நல்லது.

யார் இந்தப் பெண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பலர், பழைய இடத்திலேயே வேலை தேடி விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் வர முடிகிறது. வந்தால் வாசலில் எத்தனை சல்லடை! எந்த ஊர், எந்த ஆளுங்க, கவுச்சி சாப்பிடுவீங்களா என்று துருவும் வீடுகள் இந்தப் பகுதிகளில் இன்னமும் உண்டு. அது தனியாகக் கண்டிக்க வேண்டிய அவமானம். அந்தச் சல்லடைகளை எல்லாம் தாண்டியவரை நாக்கு என்ற சல்லடை பிடித்து நிறுத்துகிறது. பெரியவர்களில் திக்கும் ஆண்கள் நாலு பேருக்குப் பெண் ஒருவர் என்பது பொதுவான கணக்கு. ஆகவே தன்னைப் போல இன்னொரு பெண்ணைக் காண்பதும் இவர்களுக்கு அரிது. 2008-இல் டாக்டர் சத்யேந்திர ஸ்ரீவாஸ்தவா தொடங்கிய இந்தியத் திக்குவாய்ச் சங்கத்தின் சுயஉதவிக் குழுக்கள் பல நகரங்களில் கூடுகின்றன, திக்குவதை மறைக்காமல் பேசுங்கள் என்று தைரியம் சொல்கின்றன. ஆனால் திக்குவதை மறைக்காமல் நேர்காணலுக்கு வந்தவரைத் தோற்கடிப்பது நாம்.

1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கிய ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு வாழ்நாள் முழுக்கத் திக்கியே பேசினார். மைதானம் நிறைந்த கூட்டம் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது. சிறுவயதில் திக்கியதற்காகக் கேலிக்கு ஆளான ஜோ பைடன் அமெரிக்காவின் அதிபரானார். முதலமைச்சரும் அதிபரும் திக்கும்போது வராத பொறுமைக்குறைவு, ஆயா திக்கும்போது மட்டும் நமக்கு ஏன் வருகிறது? காத்திருக்க நமக்குத் தெரியும். யாருக்காகக் காத்திருப்பது என்பதைப் பதவி பார்த்து முடிவு செய்கிறோம்.

சட்டம் இங்கே கைகொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடு அதில் இருக்கிறது. ஆனால் குரல்வளையை அகற்றியவர்கள், மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்கள் போன்ற நிரந்தர நிலைகளை வைத்துத்தான் அது விளக்கப்பட்டிருக்கிறது. திக்குவாயின் பெயர் இல்லை. வீட்டு வேலைக்கென்று நாடு தழுவிய தனிச் சட்டமும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருந்தாலும் அது நலத்திட்ட உதவிகளுக்கானது, எந்த வீட்டுக் கதவையும் தட்டி ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்காது. 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படி ஒரு சட்டம் வந்தால், பேச்சை வைத்து வேலை மறுக்கும் ஏஜென்சிகளுக்குத் தடை அதில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு வலியுறுத்த வேண்டும்.

ஆனால் குழந்தைக் காப்பகங்கள் சட்டத்தின் கைக்கு எட்டாதவை அல்ல. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்று 2017-இல் விதி வந்த பிறகு, தரமணியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்களுக்காகவே காப்பகங்கள் பெருகியிருக்கின்றன. எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. அதைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்று சொல்லித் திக்கும் பணியாளரைச் சமையல்கட்டுக்குத் தள்ளும் காப்பகம் தவறு செய்கிறது. பெற்றோர் கேட்டால் பதில் சொல்வது காப்பகத்தின் கடமை. அந்தப் பதிலின் சுமையை அந்தப் பெண்ணின் மேல் ஏற்றக் கூடாது.

வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. போனில் பேசிப் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள். வரச் சொல்லுங்கள். பெயர் சொல்ல நேரமானால் காத்திருங்கள், நீங்களாகச் சொல்லி முடிக்காதீர்கள், மெதுவாப் பேசும்மா என்று அறிவுரை கூறாதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பேச்சு திக்குமா, நாங்க எப்படி நடந்துக்கிட்டா உங்களுக்கு வசதி என்று வெளிப்படையாகக் கேட்டால் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கும். முந்தைய வீட்டில் விசாரியுங்கள். கூலி கொடுத்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்: கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுகிறாரா, அழும்போது பதறுகிறாரா தாங்குகிறாரா, காய்ச்சல் வந்தால் எப்போது தெரிவிக்கிறார், பிள்ளை அவரிடம் போகிறதா. இவற்றில் தேறாவிட்டால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம், அது உங்கள் உரிமை. பிள்ளை சிரித்தால் ஒரு தடவை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: ஆயாம்மாவுக்கு வார்த்தை வர நேரமாகும், நாம பொறுத்துக் கேக்கணும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். விளங்காமல் இருப்பது அந்த வீட்டுக்கு வந்துபோகும் உறவினர்களுக்குத்தான் இருக்கும், அவர்களிடமும் அதையே சொல்லுங்கள்.

சம்பளம் பற்றியும் சொல்லியாக வேண்டும். “இந்தப் பேச்சுக்கு வேற யார் வேலை குடுப்பாங்க” என்று கணக்குப் போட்டு இரண்டாயிரமோ மூன்றாயிரமோ குறைத்துப் பேசுவது திருட்டு. அதே கட்டடத்தில், அதே நேரத்துக்கு, அதே வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மற்ற ஆயாவுக்கு என்ன கொடுக்கப்படுகிறதோ அதே சம்பளம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, தீபாவளிக்கு அதே போனஸ். பேரம் பேசும்போது அவருக்கு நாக்கு நிற்கும். அந்த இடைவெளியில் நீங்கள் ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடாமல், அவர் தன் தொகையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.